தாய்லாந்தில் ஒரு மாத முவே தாய் பயிற்சி: செலவுத் திட்டம் போடுவதற்கான முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து முவே தாய் (குத்தும் உதையும் கலந்த சண்டைக் கலை) கற்கத் தாய்லாந்து செல்பவர்களில் பலர் முதலில் விமான டிக்கெட்டை எடுத்துவிடுகிறார்கள். பிறகு பயிற்சிக்கூடத்தைத் தேடுகிறார்கள். கடைசியில் மிஞ்சிய பணத்துக்குள் அறையையும் காப்பீட்டையும் அடைக்கப் பார்க்கிறார்கள். செலவு கைமீறிப் போவதற்கு இந்த வரிசையே முக்கியக் காரணம். எத்தனை வேளை பயிற்சி செய்யப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால், ஊர், அறை, டிக்கெட், காப்பீடு ஆகிய ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து தானாகவே முடிவாகும்.

இந்த வழிகாட்டி, உள்ளூரில் சில மாதங்களாவது கிக்பாக்சிங்கோ கராத்தேயோ பழகி, போட்டியில் இறங்கும் எண்ணமில்லாமல் 30 நாள் பயிற்சிக்காக மட்டும் செல்பவருக்கானது. கணக்கு முழுவதிலும் ஒரு பாத்துக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். சந்தை விலை இதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசம் பணமாற்றுக் கட்டணங்களுக்குச் சரியாகப் போய்விடும். விலைகளை வரம்புகளாகவே கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த இடத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

1. பயிற்சி வேளைகளை முதலில் எண்ணுங்கள்

பெரும்பாலான பயிற்சிக்கூடங்களில் காலையில் ஒரு வேளை, பிற்பகல் நான்கு மணியளவில் ஒரு வேளை என வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி நடக்கும், ஞாயிறு விடுமுறை. ஓட்டம், கயிறு தாண்டுதல், நிழல் குத்து, பேட் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தையில் அடிப்பது), பை (தொங்கும் மூட்டையில் அடிப்பது), கிளிஞ்ச் (கட்டிப்பிடித்து மல்லுக்கட்டுவது) என்று ஒரு வேளை ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை போகும். வாரத்துக்கு 12 வேளை, நான்கு வாரத்துக்கு 48 வேளை என்று கணக்குப் போட்டுப் பணம் கட்டுபவர்கள்தான் அதிகம். அந்த 48 வேளையையும் முழுமையாகப் பயன்படுத்தும் புதியவரை நான் பார்த்ததில்லை.

முதல் வாரத்தில் இடிப்பது பெரும்பாலும் மூச்சல்ல, தோல்தான். வெறுங்காலில் பாதத்தின் முன்பகுதியை ஊன்றித் திரும்பித் திரும்பி உதைக்கும்போது, சொரசொரப்பான விரிப்பில் பெருவிரலுக்குக் கீழேயுள்ள தோல் கொப்பளித்து உரிந்துவிடும். அந்த ஒரு ரூபாய் நாணய அளவுப் புண்ணோடு உதைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. இரண்டு மூன்று நாள் அப்படியே போகும். ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்து இன்னும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே முதல் வாரம் 6, இரண்டாவது வாரம் 8, மூன்றாவதும் நான்காவதும் 9 அல்லது 10 என்று வைத்தால், மாதத்துக்கு 32 முதல் 34 வேளை என்பது நியாயமான எண்ணிக்கை. ஒரு வேளைக் கட்டணம் 400 பாத், மாதக் கட்டணம் 9,000 பாத் என்றால், 22 வேளைக்கு மேல் போனால்தான் மாதக் கட்டணம் லாபம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தின் விலைகளை வைத்து இந்த வகுத்தலை ஒருமுறை செய்து பாருங்கள். வாரம் ஐந்து வேளைக்கு மேல் உங்களால் முடியாது என்று தெரிந்தால், பத்து வேளைக்கான அட்டை இருக்கிறதா என்று கேட்பதே சிக்கனம்.

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஓட்டத்தையும் கயிறு தாண்டுதலையும், முடிந்தால் வெறுங்காலில் செய்யும் பயிற்சியையும் பழக்கிக்கொள்ளுங்கள். இதை உடற்பயிற்சி அறிவுரையாகச் சொல்லவில்லை. வீணாகும் ஒவ்வொரு நாளும் அறை வாடகையும் மின்சாரமும் சாப்பாடும் சேர்ந்து ஏறக்குறைய 600 பாத்தை விழுங்குகிறது என்பதால் சொல்கிறேன்.

2. ஊரையும் மாதத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்

புக்கெட்டில் சலோங் பகுதியிலுள்ள சோய் தா-இயத் என்ற ஒரே தெருவில் பயிற்சிக்கூடங்களும் புரதச் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அறை வாடகை எகிறும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் இறங்கும். தீவுக்குள் டாக்சி செலவும் அதிகம்.

புக்கெட், சியாங் மாய், பாங்காக் மூன்றில் சியாங் மாய்தான் மலிவானது. ஆனால் பிப்ரவரி பின்பகுதி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயின் புகை அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். அந்த வாரங்களில் காலை ஓட்டம் நுரையீரலுக்குக் கேடு. இது தெரியாமல் மார்ச் மாத மலிவு டிக்கெட்டைப் பிடித்துச் செல்பவர்கள் பாதிப் பயிற்சியை அறைக்குள் கழிக்கிறார்கள்.

பாங்காக்கில் பயிற்சித் தரம் உயர்வு. 1945இல் தொடங்கிய ராஜதம்னெர்ன் அரங்கிலும் லும்பினி அரங்கிலும் நேரடியாகப் போட்டி பார்க்கலாம். ஆனால் பயிற்சிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைக்காவிட்டால், போக்குவரத்திலேயே நேரமும் பணமும் கரையும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்ரான் புத்தாண்டு. அந்த வாரத்தில் பல பயிற்சிக்கூடங்கள் மூடியிருக்கும், பயணக் கட்டணங்களோ உச்சத்தில் இருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

முதல்முறை செல்பவருக்கு, நவம்பர் முதல் ஜனவரிக்குள் என்றால் சியாங் மாய். வேறு மாதங்களில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் மழைக்காலத்துப் புக்கெட். பயிற்சி பெரும்பாலும் கூரையின் கீழ்தான் நடப்பதால் மழை பெரிதாகத் தடுக்காது.

3. பயிற்சிக்கூடத்திடம் எழுத்தில் கேளுங்கள்

வரம்பு இதுதான்: குழுப் பயிற்சிக்கு மாதக் கட்டணம் சியாங் மாயில் 7,000 முதல் 10,000 பாத், பாங்காக்கில் அதைவிடச் சற்றுக் கூடுதல், புக்கெட்டின் பெரிய கூடங்களில் 12,000 பாத்தையும் தாண்டலாம். தனிப் பயிற்சி ஒரு மணி நேரத்துக்கு 600 முதல் 1,500 பாத்.

மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: மாதக் கட்டணத்தில் இரு வேளையும் அடக்கமா? ஒரு வேளையில் பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் எத்தனை ரவுண்டு பேட் பிடிப்பார்? நோயோ காயமோ வந்தால் மீதி நாள்களை நீட்டிக் கொடுப்பார்களா? முதல் வாரம் மட்டும் வாரக் கட்டணம் கட்டிவிட்டு, பிறகு அதை மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள முடியுமா? கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதலா?

இவற்றில் முக்கியமானது பேட் ரவுண்டு பற்றிய கேள்வி. நாற்பது பேர் நிற்கும் வகுப்பில் உங்களுக்கு இரண்டு ரவுண்டுதான் கிடைக்கும் என்றால், கட்டணம் மலிவாகத் தெரிந்தாலும், அந்தக் குறையை ஈடுகட்ட நீங்கள் தனிப் பயிற்சி வாங்கப் போகிறீர்கள். வாரம் இரண்டு தனிப் பயிற்சி என்றால் மாதத்துக்கு 6,000 பாத் கூடிவிடும். பன்னிரண்டு பேர் வரும் சிறிய கூடத்தில் நான்கு ஐந்து ரவுண்டு கிடைத்தால் அந்தச் செலவே வராது. சிறிய கூடங்களையே நான் பரிந்துரைப்பேன்.

அறை, சாப்பாடு, பயிற்சி மூன்றும் சேர்ந்த தொகுப்பை மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்டாதீர்கள். கூடம் பிடிக்காமல் போனால் திரும்பப் பெறும் வாய்ப்பு மிகக் குறைவு. முன்பணம் கேட்டால் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். இந்தியப் பயண நிறுவனம் வழியாகத் தொகுப்பாக வாங்கினால் அதன்மேல் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும் என்றாலும், பயணத்தின்போது அந்தப் பணம் கையில் இருக்காது.

4. அறையை நடை தூரத்தில் பிடியுங்கள்

இரு வேளைப் பயிற்சிக்கு நடுவில் திரும்பி வந்து தூங்க முடிகிற தூரத்தில் அறை இருக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலிவான அறைக்கு ஸ்கூட்டர் வாடகை தனியாக வரும். அதைவிட முக்கியமாக, களைத்த உடம்போடு பிற்பகல் வேளைக்குத் திரும்பிப் போவதே நின்றுவிடும்.

முதல் நான்கு ஐந்து நாளைக்கு மட்டும் இணையத்தில் அறை பதிவு செய்யுங்கள். மீதியை நேரில் நடந்து பாருங்கள். மாத வாடகை அறைகள் சியாங் மாயில் 5,000 முதல் 9,000 பாத்துக்கும், புக்கெட்டில் பருவத்தைப் பொறுத்து 8,000 முதல் 18,000 பாத்துக்கும் கிடைக்கும். பயிற்சிக்கூடத்தில் ஏற்கெனவே தங்கிப் பழகுபவர்களிடம் கேட்டால் இணையத்தில் வராத அறைகள் தெரியவரும்.

மாத வாடகையில் மூன்று தொகைகள் மறைந்திருக்கும். முதலாவது முன்பணம்: ஒரு மாத வாடகை, சில இடங்களில் இரண்டு. இரண்டாவது மின்கட்டணம்: அரசு விலை யூனிட்டுக்கு ஏறக்குறைய 4 பாத் என்றாலும், வீட்டுக்காரர்கள் 7 அல்லது 8 பாத் வாங்குவது வழக்கம். ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்தால், இரவில் 8 மணி நேரத்துக்கு மாதம் 240 யூனிட், அதாவது 1,920 பாத். பகல் தூக்கத்துக்கும் ஏசி போட்டால் இது எளிதில் 3,000 பாத்தைத் தாண்டும். மூன்றாவது, காலி செய்யும்போது பிடிக்கும் சுத்தம் செய்யும் கட்டணம்.

சாவி வாங்கிய அன்றே மீட்டர் எண்ணையும், சுவர், மெத்தை, குளியலறை ஆகியவற்றையும் கைபேசியில் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். முன்பணத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தப் படங்கள் இல்லாததால் வருபவையே.

5. விசாவைச் சரிபார்த்த பிறகே டிக்கெட்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு 60 நாள் விசா விலக்கு 2024 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கும் அன்று தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தில் மீண்டும் பாருங்கள். முவே தாய் பயில்வோருக்கும் பொருந்தும் டிடிவி என்ற ஐந்தாண்டு விசாவும் உண்டு. ஆனால் அதற்கு 5,00,000 பாத் சேமிப்பைக் காட்ட வேண்டும். ஒரு மாதப் பயணத்துக்கு அது தேவையே இல்லை.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. திரும்பும் டிக்கெட்டும், 20,000 பாத்துக்கு இணையான பணமும், முதல் வாரத் தங்குமிடப் பதிவும் கையில் இருந்தால் குடிவரவுக் கவுண்டரில் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானங்கள் உண்டு. விலையை ஒப்பிடும்போது பெட்டியின் எடையையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். குறைந்த கட்டண விமானங்களில் கையில் 7 கிலோ மட்டுமே. திரும்பும்போது கிளவுஸும் ஷின் கார்டும் (முழங்காலுக்குக் கீழே அணியும் காப்பு) சேர்ந்து பெட்டி பருத்துவிடும். போகும்போது பெட்டி இல்லாமலும் வரும்போது 20 கிலோவோடும் எடுப்பதுதான் பலருக்குச் சரியாக வரும். பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு இரவு ரயிலில் இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை ஏறக்குறைய 1,000 பாத். ஒரு இரவு அறை வாடகை அதில் மிச்சம்.

6. காப்பீட்டில் விலக்குப் பகுதியை முதலில் படியுங்கள்

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சண்டைக் கலைகளும் உடல் மோதும் விளையாட்டுகளும் விலக்கப்பட்டிருக்கும். மலிவான காப்பீட்டை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு, முழங்கை பட்டுப் புருவம் கிழிந்து தையல் போட்ட பிறகுதான் அந்த வரி கண்ணில் படும். போட்டியில்லாத முவே தாய்ப் பயிற்சிக்குக் காப்பீடு பொருந்துமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் முகவர் சொல்வதற்கு இழப்பீடு கோரும் நேரத்தில் மதிப்பில்லை.

இரண்டாவது விலக்கு ஸ்கூட்டர். தாய்லாந்துப் பயிற்சிப் பயணத்தில் பெரிய காயங்கள் சண்டை வளையத்துக்குள் நடப்பதைவிடச் சாலையில் நடப்பதே அதிகம் என்பது என் கணிப்பு. மோட்டார் சைக்கிளுக்கான இந்திய உரிமமும், அதன் அடிப்படையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் ஓட்டினால், அபராதத்தோடு காப்பீடும் போய்விடும். அனுமதி ஓராண்டு செல்லும் என்பதால் புறப்படும் மாதத்தில் வாங்கினால் போதும். வாடகைக் கடையில் கடவுச்சீட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். பணமாக முன்வைப்பு வாங்கும் கடையைத் தேடுங்கள்.

7. அன்றாடச் செலவு

தெருக்கடையில் கோழிச் சோறோ கப்ராவ் (துளசி இலையோடு வதக்கிய இறைச்சி) சோறோ 50 முதல் 70 பாத். இரு வேளை பயிற்சி செய்பவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு போதாது. முட்டை, வாழைப்பழம், கடையில் விற்கும் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி எல்லாம் சேர்த்து நாளுக்கு 300 பாத் வையுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்திட்ட "ஜே" கடைகளைத் தேட வேண்டும். மற்ற கடைகளின் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு இருக்கும். ஜே உணவில் பூண்டு, வெங்காயம், பால், முட்டை எதுவும் கிடையாது என்பதால், புரதத்துக்கு டோஃபுவையும் நீங்கள் கொண்டுபோகும் புரதப் பொடியையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.

தெருவோரத் தண்ணீர் இயந்திரத்தில் லிட்டர் ஒரு பாத்தளவில் நிரப்பிக்கொள்ளலாம். நாளுக்கு நான்கு ஐந்து லிட்டர் குடிக்கும்போது பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண். ஓஆர்எஸ் பொட்டலங்களை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். நாளுக்கு இரண்டு செட் துணி வியர்வையில் ஊறும் என்பதால் சலவைக்குத் தனி வரி தேவை. ஈரத் துணியை மறுபடி அணிந்தால் படர்தாமரை வரும், அதன் செலவு சலவைச் செலவைவிட அதிகம்.

8. உபகரணங்களில் எதை இங்கே, எதை அங்கே

பல்காப்பை இங்கேயே பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். அங்கே போய் அவசரத்தில் வாங்குவது பொருந்தாது. விளையாட்டு டேப், ஹேண்ட் ராப் இரண்டு ஜோடி, வழக்கமான மருந்துகள் ஆகியவையும் இங்கிருந்தே.

கிளவுஸ், ஷின் கார்டு, ஷார்ட்ஸ் ஆகியவற்றை அங்கே வாங்குங்கள். ட்வின்ஸ், ஃபேர்டெக்ஸ், டாப் கிங் போன்றவை தாய்லாந்துத் தயாரிப்புகள் என்பதால் இங்கே இறக்குமதியாகி வரும் விலையைவிடக் குறைவு. நல்ல தோல் கிளவுஸ் 1,800 முதல் 3,000 பாத்; ஸ்பாரிங் (துணையோடு மோதிப் பழகுவது) செய்வதானால் 16 அவுன்ஸ். முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கிவிடாமல், ஓரிரு நாள் கூடத்தின் பொது கிளவுஸில் சமாளித்து, கையில் எது பொருந்துகிறது என்று பார்த்து வாங்கினால் இரண்டாவது ஜோடிச் செலவு வராது.

9. பணத்தை எந்த வடிவில் கொண்டுபோவது

சிறிய பயிற்சிக்கூடங்கள், தெருக்கடைகள், வீட்டுக்காரர்கள் எல்லோரும் ரொக்கம் வாங்குகிறார்கள். அல்லது தாய் வங்கிக் கணக்கோடு இணைந்த கியூஆர் வழியாக. சுற்றுலாப் பயணியின் கார்டு அங்கெல்லாம் உதவாது. தாய் ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிக்கும். 2,000 பாத்தாகப் பத்து முறை எடுப்பவர் 2,200 பாத்தை இழக்கிறார்; 20,000 பாத்தை ஒரே முறையில் எடுப்பவருக்கு 220 மட்டும். இயந்திரம் ரூபாயில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விலை எப்போதும் பாதகமானது.

இந்தியக் கடன் அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம் என்றால், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 4.13 சதவீதமாகும். ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டை) வாங்கினால், அதில் பாத் நேரடியாக ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். டாலரில் ஏற்றி பாத்தில் செலவழித்தால் மீண்டும் ஒரு மாற்றுக் கட்டணம் விழும். ஃபாரெக்ஸ் கார்டு எடுத்தும் நஷ்டப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

நான் சொல்லும் பங்கீடு: மூன்றில் ஒரு பங்கு பாத் அல்லது மடிப்பில்லாத 100 டாலர் நோட்டுகளாக, மீதி ஏடிஎம் வழியாக, கடன் அட்டை மருத்துவமனைக்கும் அவசரத்துக்கும் மட்டும். ரூபாய் நோட்டுகளை அங்கே மாற்றுவது கட்டுப்படியாகாது. டாலரையும் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தின் வருகைத் தளத்தில் மாற்றாமல், அடித்தளத்தில் ரயில் நிலையத்தருகே இருக்கும் கவுண்டர்களில் விலை கேளுங்கள்.

10. மொத்தத்தை ஒரே தாளில் எழுதுங்கள்

சியாங் மாயில் 30 நாளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. பயிற்சி 9,000, அறை 7,000, மின்சாரமும் தண்ணீரும் 2,000, உணவு 9,000, ஸ்கூட்டரும் பெட்ரோலும் 3,500, சிம்மும் சலவையும் 2,000, உபகரணம் 5,500, மசாஜும் மருந்தும் 3,000. ஆக 41,000 பாத், அதாவது 1,23,000 ரூபாய். இதோடு பெட்டி எடையுடன் விமானம் 22,000, சியாங் மாய்க்கு ரயிலில் போய்வர 6,000, பாங்காக்கில் இரண்டு இரவு 6,000, காப்பீடு 5,000 என்று சேர்த்தால் 1,62,000 ரூபாய்.

இது செலவு மட்டுமே. புறப்படும்போது இருக்க வேண்டிய தொகை வேறு. அறை முன்பணம் 7,000 பாத் திரும்ப வரும் என்றாலும் முதல் வாரத்தில் கையிலிருந்து போக வேண்டும்: 21,000 ரூபாய். உள்ளூர்ச் செலவில் 20 சதவீதம் அவசர இருப்பு: 24,600 ரூபாய். ஆக, 2,07,600 ரூபாய் திரட்டாமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

சம்பளமில்லா விடுப்பு என்றால் அந்த மாதச் சம்பளத்தையும், ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டு வாடகை, இஎம்ஐ ஆகியவற்றையும் தனித் தாளில் எழுதுங்கள். பலருக்குப் பயணத்தின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

11. அங்கே போன பிறகு

ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு எண்களை மட்டும் குறியுங்கள்: அந்த வாரம் செலவான பாத், அந்த வாரம் செய்த பயிற்சி வேளைகள். இரண்டாவது வாரத்தில் ஒரு வேளைக்கான மொத்தச் செலவு முதல் வாரத்தைவிடக் குறையவில்லை என்றால், பணம் பயிற்சிக்குப் போகவில்லை என்று பொருள். ஸ்கூட்டரையும் இரவுச் சந்தையையும் முதலில் பாருங்கள். பயிற்சியாளர்கள் போட்டியில் இறங்கச் சொன்னால், காப்பீட்டு நிறுவனத்தின் மின்னஞ்சலை ஒருமுறை திறந்து படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

காலி செய்யும் தேதியை வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் முன்பே எழுத்தில் சொல்லி, புறப்படுவதற்கு முந்தைய நாள் பகலில் மீட்டரைச் சேர்ந்து பார்த்து, முன்பணத்தை ரொக்கமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்; அந்தப் பாத்திலேயே பயிற்சியாளருக்கான அன்பளிப்பையும் விமான நிலையப் பயணத்தையும் முடித்துவிட்டால், மீண்டும் ரூபாயாக மாற்றும் நஷ்டம் மிச்சம்.